மேசையை வலம் வந்த பொருளாதாரம்

இரண்டு மாதம் முன்பு எங்கள் கல்லூரியில் ஒரு ஸ்டாஃப் மீட்டிங். விஷயம் — வகுப்பில் மாணவர்களைப் பேச வைப்பது எப்படி?

பிரின்சிபால் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலேஜ இன்ஸ்பெக்ஷன் பண்ண கமிட்டி வருது. பசங்க கிளாஸ்ல வாயத் தொறந்து பேசுறாங்களான்னு இந்தத் தடவ பாப்பாங்களாம். அதுக்குத் தனியா மார்க் இருக்குது. உங்க யோசனைய தாராளமா சொல்லுங்க."

நாங்கள் அத்தனை பேரும் மிக்சர் தட்டைப் பார்த்தோம்.

ஒருவர் பேனா மூடியைத் திறந்தார்... பிறகு மூடினார். என் பக்கத்தில் தாவரவியல் தணிகாசலம் சார். தங்கமான மனிதர். இத்தனை வருட சர்வீஸில் எந்த மீட்டிங்கிலும் "ஆமா சார்" தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் "ஆமா சார்" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனாலும் யாருக்கும் உறுத்தவில்லை.

யோசித்துப் பாருங்கள். வாயைத் திறக்காத ஆசிரியர்கள் எல்லாம் ஓர் அறையில் உட்கார்ந்து, மாணவர்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியில் பிரின்சிபாலின் பார்வை என் மேல் வந்து நின்றது. நான் டெம்ப்ரரி. ஊரில் எந்தச் சிக்கல் வந்தாலும் டெம்ப்ரரியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

"எகனாமிக்ஸ் செகண்ட் இயர். உங்க கிளாஸைத்தான் மேடம் காட்டப்போறோம். நல்லா பண்ணீங்கன்னா பர்மனென்ட் பத்திப் பேசலாம். இல்லன்னா ஜூன்ல..."

மீதியை மிக்சரோடு சேர்த்து மென்றுவிட்டார். ஒவ்வொரு வருடமும் இந்தப் பாதி வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு, மீதிப் பாதி எனக்கு மனப்பாடம்.

என் வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுற்று வட்டார கிராமத்துப் பிள்ளைகள். பஸ்ஸில் வரும்போது அவர்கள் போடும் சத்தத்தில் கண்டக்டர் விசில் கேட்காது. கல்லூரி கேட்டைத் தாண்டியதும் யாரோ வால்யூமைக் குறைத்த மாதிரி ஆகிவிடும். கேள்வி கேட்டால் பையன்கள் டெஸ்க்கில் செதுக்கியிருக்கும் பெயர்களைப் படிப்பார்கள். பெண்கள் துப்பட்டா நுனியைப் பார்ப்பார்கள். தப்பித் தவறி ஒருவன் எழுந்தால் பின் பெஞ்சிலிருந்து "ஓ..." என்று ஒரு நீண்ட ஓசை. அவன் அந்த செமஸ்டர் முழுக்க எழ மாட்டான்.

சரி, ஆசை காட்டிப் பார்ப்போம் என்று, "பேசினா இன்டர்னல் மார்க்" என்று அறிவித்தேன். முருகேசன் எழுந்தான். "விலைவாசி ஜாஸ்தியாயிட்டுது மேடம்" என்றான். அடுத்தவன் எழுந்தான். "முருகேசன் சொன்னத வழிமொழியறேன் மேடம்." அடுத்தவள், "நானும் வழிமொழியறேன் மேடம்." இப்படியே கடைசி பெஞ்சு வரை வழிமொழிந்து தீர்த்தார்கள். விலைவாசி ஏறிவிட்டது என்று எங்கள் வகுப்பு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மார்க் போட்டேன். வேறென்ன செய்ய?

அந்த வாரம் பௌர்ணமி வந்தது. வேலை நிலைக்கட்டும் என்று மலையைச் சுற்றக் கிளம்பினேன். எனக்கு முன்னால் ஒரு கும்பல் போய்க்கொண்டிருந்தது. ஒரே வாக்குவாதம். கிரிக்கெட், பஸ் பாஸ், யாரோ ஒருவரின் அக்கா கல்யாணம்... ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார். குரல்கள் எங்கோ கேட்டது போல இருந்தன. கிட்டே போய்ப் பார்த்தால் — என் செகண்ட் இயர்.

பாதி வழியில், அடி அண்ணாமலையில் இன்னொரு அதிர்ச்சி. முதல் பெஞ்சு கலைவாணி. அவள் குரல் கீச்சா கட்டையா என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே அவள் அப்பாவின் எலுமிச்சை ஜூஸ் கடையில் நின்றுகொண்டு, விலை கேட்ட ஒரு வெளியூர்க்காரரை மடக்கிக்கொண்டிருந்தாள். "ஜனம் இவ்ளோ ஜாஸ்தி வந்துகிதே, பழம் கம்மியாத்தான சார் வருது? விலை ஏறாம என்னா பண்ணும்?"

நான் மூன்று வாரம் போர்டில் கோடு கோடாகப் போட்டு நடத்திய பாடம் அது. என்னைப் பார்த்தாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டு துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

மீதி வழியெல்லாம் ஒரே யோசனை. நடக்கும்போது ஏன் பேச்சு வருகிறது? நடக்கிறவர்கள் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. எல்லாரும் முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்க்கிறார்கள். "ஓ..." போட பின் பெஞ்சே கிடையாது.

மறுநாள் பெஞ்சுகளை எல்லாம் சுவரோரம் தள்ளச் சொன்னேன். என் மேசை நடுவில். "வாங்க, சுத்தி நடந்துகிட்டே பேசலாம்" என்றேன். ஒருவரும் அசையவில்லை. நான் மட்டும் லூசு மாதிரி சாக்பீஸோடு நடந்தேன். பதற்றத்தில் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று பார்க்கவில்லை. மேசை எனக்கு இடப்பக்கம் இருந்தது.

"ஐயோ மேடம், அப்படிப் போவாதீங்க."

"மேசை சோத்தாங்கைப் பக்கம் இருக்கணும் மேடம்."

"எதிர்ச் சுத்து சுத்தினா ஆவாது மேடம்."

மொத்த வகுப்பும் எழுந்துவிட்டது. ஒரு வருடத்தில் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் வராத பதில், கேட்காத கேள்விக்கு வந்தது. நல்ல திசையைக் காட்டுவதற்காகக் கலைவாணி முன்னால் நடந்தாள். முருகேசன் பின்னால் போனான். அவன் பின்னால் எல்லாரும். முதல் சுற்று முடிவதற்குள் யாரோ கேட்டுவிட்டார்கள் — "மேடம், பௌர்ணமின்னா லாட்ஜ் வாடகை ஏத்துறாங்களே, அது நியாயமா?"

அவ்வளவுதான். பெல் அடித்த பிறகும் நடந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்?

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் கமிட்டி வந்தது. எங்கள் ஊருக்கு வேலையாக வருகிறவர்கள் எல்லாம் ஏனோ பௌர்ணமியை ஒட்டித்தான் வருவார்கள். தலைவர் ஒரு ரிடையர்டு புரொபசர். கோட்டு, ஷூ, கையில் ஃபைல்.

எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றார். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கழற்றச் சொல்லி நான் சொல்லவே இல்லை. ஏதாவது ஒன்றைச் சுற்றி வருவதென்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் காலில் செருப்பு நிற்காது. உள்ளே வகுப்பே மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தது. மேசை மேல் என் டிபன் பாக்ஸ்.

தலைவர் ஒரு கணம் பார்த்தார். குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைகூப்பியபடி வரிசையில் சேர்ந்துகொண்டார்.

கலைவாணி நிறுத்தவில்லை. "அதே ரூமு. அதே மூட்டப்பூச்சி. பௌர்ணமிக்கு மட்டும் ரெண்டு மடங்கு வாடகை எப்படிடா வரும்?"

"மூட்டப்பூச்சிக்கு எக்ஸ்ட்ரா வாங்கலயே" என்றான் முருகேசன். அவன் சித்தப்பா ஒரு லாட்ஜில் மேனேஜர்.

கூப்பிய கை பிரிந்தது. "அந்தப் பொண்ணு சொல்றதுதான் கரெக்ட்" என்றார் தலைவர். "நேத்து எங்கிட்டயும் டபுளா வாங்கிட்டான். ஃபேன் வேற சுத்தல."

"எந்த லாட்ஜ் சார்?" என்றான் முருகேசன். அவர் சொன்னார். முருகேசன் நைசாக நாலு பேர் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டான். ஆனால் கலைவாணி தன் பக்கம் பேசியவரையும் விடவில்லை. "அப்போ நீங்க ஏன் சார் கொடுத்தீங்க? வேற லாட்ஜ் போயிருக்கலாம்ல?"

"எல்லாம் ஃபுல்லும்மா."

"அப்புறம்? ரூம் கம்மி, ஆளு ஜாஸ்தி. நீங்களேதான் சார் விலைய ஏத்திவிட்டது."

அந்த நேரம் பார்த்துப் பிரின்சிபால் வந்தார். முகம் வெளுத்துவிட்டது. "மேடம்... என்ன இது?"

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். தலைவர் நடையை நிறுத்தாமலே திரும்பினார். "குறுக்க வராதீங்க சார். செருப்பைக் கழட்டிட்டு வாங்க." பிரின்சிபாலும் ஒரு சுற்று வந்தார். முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

கமிட்டி அள்ளி மார்க் போட்டது. அத்தோடு எனக்கு விடிந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்?

போன வாரம் மறுபடியும் ஸ்டாஃப் மீட்டிங். பிரின்சிபாலுக்கு வெறுங்காலோடு நடந்த கோபம் ஆறவில்லை. "மேடத்தை பர்மனென்ட் பண்றதப் பத்தி உங்க கருத்து என்னன்னு சொல்லுங்க. யாரும் ஒண்ணும் சொல்லலன்னா, பழையபடி டெம்ப்ரரியாவே இருக்கட்டும்."

எல்லாரும் மிக்சர் தட்டைப் பார்த்தார்கள். காரிடாரில் கைகுலுக்கினவர்கள், டிபனில் பங்கு கேட்டவர்கள், அத்தனை பேரும். ஓடிப்போய் ஒவ்வொருவர் வாயையும் கையால் திறக்கலாம் போல இருந்தது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தணிகாசலம் சார் எழுந்தார். செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டார். மேசையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு மெதுவாக நடக்கத் தொடங்கினார்.

"நான் என்னா சொல்றன்னா சார்..." என்றார்.

"ஆமா சார்" தாண்டி அவர் பேசி அன்றைக்குத்தான் எல்லாரும் கேட்டோம். நல்ல கணீர் குரல். அவர் பின்னால் கணக்கு மேடம் எழுந்தார். தமிழ் சார் எழுந்தார். பாதிச் சுற்றிலேயே ஆளாளுக்குப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கூட்டம் தன் நாற்காலியைத் தாண்டும்போது பிரின்சிபாலும் வேறு வழியில்லாமல் எழுந்து கலந்துகொண்டார்.

இரண்டாவது சுற்றில் என் வேலை நிரந்தரமானது. மூன்றாவது சுற்று எதற்கு என்று கேட்காதீர்கள்... பிரின்சிபாலுக்கு ஏதோ வேண்டுதலாம்.