முறிந்ததைச் சேர்த்துப் பார்க்காதவள்

ஏதாவது முறிந்தால் நாமெல்லாம் உடனே இரண்டு துண்டுகளையும் வாயோடு வாய் பொருத்திப் பார்ப்போம். சத்தியபிரியா பார்க்கமாட்டாள். டீக்கடைக் கரண்டியின் காம்பு ஒடிந்தாலும், இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று என்று சண்டைக்காரர்களைப்போல் விலக்கியே பிடிப்பாள். முறிந்த வாயை வெயிலுக்குத் திருப்பி ஒரு கண்ணை மூடுவாள். "ஒரசுனா அழிஞ்சிரும்" என்பாள். என்ன அழியும் என்று கேட்க எனக்குக் கூச்சம்.

எங்கள் மலையூர் வில்பட்டிப் பெண். மெட்டீரியல்ஸ் என்ஜினியரிங் முடித்துவிட்டு வந்திருந்தாள். எந்தப் பிரிவில் படித்தவரையும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போன காலம் அது. சென்னையில் அவளுக்கும் ஒரு வேலை காத்திருந்தது. அவளுக்கோ மேற்கொண்டு உலோகம் படிக்க ஆசை. தாய்மாமா பொன்னுவேல் விடவில்லை. கேரட் மூட்டைகளோடு எங்களையும் ஏற்றி டவுனுக்கு ஜீப் ஓட்டுகிறவர். ஒருநாள் ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"சிவிலுன்னா பாலம், மெக்கானிக்கலுன்னா வண்டி. ஒன்னோடது என்னத்த புள்ள?"

"பாலம் கட்டுறவரும் வண்டி செய்யிறவரும் எதுல செய்யன்னு எங்ககிட்டத்தான் வரணும் மாமா. ஒங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சில்லும் அப்படித்தான்."

"அப்ப பலசரக்குக் கடைன்னு சொல்லு."

"ஆமா. கடை இல்லாம எந்த வீட்ல ஒல கொதிக்கும்?"

ஜீப் முழுக்கச் சிரித்தது. அடுத்த மேட்டில் அடியில் 'டங்'கென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. போன மாதம் பட்டறைக் குருநாதன் வெல்டிங் வைத்துக் கொடுத்த ஸ்பிரிங் பட்டை ஒடிந்திருந்தது. மாமா கழற்றியெடுத்து, துண்டுகளைப் பொருத்தப் போனார்.

"சேக்காதீங்க மாமா!"

அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. ஒரு துண்டை வாங்கி எங்கள் முன் நீட்டினாள்.

"ஒட்டுன எடம் நல்லாத்தான் நிக்குது. பக்கத்துல சூடு பட்ட எடத்துலதான் விட்டிருக்கு. இந்த வரியெல்லாம் பழசு, குலுங்கக் குலுங்கக் கொஞ்சங்கொஞ்சமா கிழிஞ்சது. இந்தா மினுங்குதுல்ல, இதுதான் இன்னிக்கு ஒடிஞ்சது."

"அப்ப பட்டையச் செஞ்சவன் கணக்குத் தப்பா?"

"அவரு கணக்கு சரி. ரோடு போட்டவரும் சரி. சூட்டுல இரும்போட கொணம் மாறிப்போச்சு, மாமா. வேற பட்டைதான் போடணும்."

எட்டிப் பார்த்தேன். ஏரியில் கல் விழுந்த வளையங்கள் இரும்பில் உறைந்து கிடந்தன. மேலே நாங்கள் கதை பேசிப்போன நாளெல்லாம் கீழே வளையம் வளையமாக விரிந்திருக்கிறது. மாமா அந்த வரிகளைத் தொடப் போய், விரலை இழுத்துக்கொண்டார். பிறகு, தாண்டிவந்த பள்ளத்தாக்கு வளைவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வில்பட்டி நிறுத்தத்தில் அவளும் மாமாவும் டவுன் பஸ் ஏறினார்கள். பட்டையின் ஒரு துண்டு துணியில் சுற்றி அவள் பையில் இருந்தது. இன்னொன்றைத் தன் தோள்துண்டில் சுற்றி, மாமா கக்கத்தில் இடுக்கியிருந்தார். சென்னைக்குத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டவுனில் அவர்கள் மாறி ஏறியது கோயம்புத்தூர் பஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் உலோகம் படிக்கச் சேர்ந்த கல்லூரி வாசல்வரை மாமா அந்த இரும்புத் துண்டை மடியைவிட்டு இறக்கவில்லையாம்.