கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்

லிதியானாவுக்கு டாக்டர்கள் என்றாலே இளக்காரம். தீவு நாட்டுத் தலைநகரான சுவாவில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு வேறென்ன வரும்? அதிலும் பேராசிரியர் வைசேயா என்றால் கேட்கவே வேண்டாம். செவ்வாய்தோறும் அவர் மாணவர்களுக்குக் கருவில் குடல் உண்டாகும் விதத்தைப் பாடம் எடுப்பார். பக்கத்தில் நின்று குடலின் மாதிரியைப் பிடித்துக்கொள்வது இவள் தலையெழுத்து.

தேங்காய் நார்க் கயிற்றில் அதைச் செய்தவளும் இவள்தான். குடல் முதலில் நேரான குழாய். ஆறாவது வாரம் கிடுகிடுவென்று நீளும். வயிற்றில் இடம் போதாமல் ஒரு வளையம் தொப்புள்கொடிக்குள் போய்விடும். பத்தாவது வாரம் திரும்பி வரும். வந்து அடங்குவதற்குள் முக்கால் சுற்று சுற்றியாக வேண்டும், முன்னால் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குக் கடிகார முள்ளின் எதிர்த்திசையில். அரைகுறையாகச் சுற்றினால் பிறந்த பிள்ளைக்குக் குடல் முறுக்கிக்கொள்ளும். அப்போதும் அதே எதிர்த்திசையில் திருப்பித்தான் முறுக்கை அவிழ்க்க வேண்டும்.

பெரிய மனுஷர் எங்கே நிற்பார்? திருமுகம் எல்லோருக்கும் தெரிய வேண்டாமா, மாதிரிக்குப் பின்னால்தான். "நல்லா பாத்துக்கங்க, இப்படித்தான் சுத்தும்" என்று தன் கண்ணுக்குச் சரியாகச் சுற்றுவார். எதிரே உட்கார்ந்த மந்தைக்கு அது திசை மாறித் தெரியும். அப்படியே படம் வரைந்துகொள்ளும். ஒரு பயலுக்கும் சந்தேகம் வராது. படித்த முட்டாள்கள் என்று லிதியானா உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

ஒரு வியாழன் காலை, ஐந்து நாள் குழந்தையைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். பச்சையாக வாந்தி. தாய் வராந்தாவில் பாய் விரித்து ஜெபித்துக்கொண்டிருந்தாள். கத்தி பிடித்தவன் மைகா, வைசேயாவின் பழைய மாணவன். வயிற்றைத் திறந்ததும் குடல் கத்தரிக்காய் நிறத்தில் முறுக்கிக் கிடந்தது. மைகா கையில் எடுத்துத் திருப்பினான். நிறம் இன்னும் கறுத்தது.

"டாக்டர், எதிர்ப்பக்கம் திருப்புங்க."

"சார் சொல்லிக்குடுத்தது இப்படித்தான், சிஸ்டர்."

"உங்க சார் கயித்துக்குப் பின்னால நின்னு சுத்தினாரு. நீங்க முன்னால உக்காந்து வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தீங்க. முதல்ல திருப்புங்க, பேச்சு அப்புறம்."

அவன் திருப்பினான். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. வெந்நீர்த் துணியைப் போட்டுக் காத்திருந்தார்கள். பத்து நிமிஷத்தில் குடல் மெல்லச் சிவந்தது.

கை கழுவும்போது மைகா கேட்டான்: "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் வகுப்புலேயே."

"அது எப்போ?"

"ஒம்பது வருஷம் ஆச்சு."

"ஏன் சொல்லல?"

சொல்லியிருந்தால் சிரிக்க ஏது? அதை அவனிடம் எப்படிச் சொல்வாள்? ஒன்பது வருஷத்து மாணவர்கள் தீவு தீவாகக் கத்தி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். லிதியானா குழாயை மூடாமல் நின்றாள். மைகா அவளைப் பார்த்த பார்வையில் இருந்தது முழுக்க இளக்காரம்.