நோலாவின் சிவப்பு அம்பு

கோடை முடியும் பிப்ரவரி கடைசி வந்துவிட்டால் எங்கள் நாட்டில் வானம் யாருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை. வடக்கே சூறாவளி, கிழக்கே வெள்ளம், மேற்கே நாற்பத்தாறு டிகிரி வெயில், தெற்கே எங்களுக்குக் காட்டுத்தீ. நோலாவின் தம்பி டக்ளஸ் வடக்கிலிருந்து போன் பண்ணி, "ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சாச்சுக்கா. உனக்கென்ன, வெறும் புகைதானே?" என்பான். "உனக்கென்ன, வெறும் காத்துதானே?" என்பாள் இவள். குடும்பத்தில் பெருமைக்குக் குறைவில்லை.

நோலா பெட்டிக்ரூ எங்கள் டோபின்ஸ் கிரீக்கில் அம்பு திருப்புகிறவள். ஊர் முக்கில் அன்றைக்குக் காட்டுத்தீ அபாயம் எவ்வளவென்று காட்ட அரைவட்டமாக ஒரு பலகை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மஞ்சளைத் தாண்டினால் வெளியே அடுப்பு, அறுவடை, ஆட்டம் எதுவும் கூடாது. காலையில் தீயணைப்பு நிலையம் சொல்கிற நிறத்துக்கு அம்பைத் தள்ளிவிட்டு, ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு வருவாள். பதினோரு வருஷமாகச் சும்மாதான் செய்கிறாள். வெயிலையே அவள்தான் காய்ச்சி ஊற்றுகிறாள் என்று ஊரில் பாதிப் பேருக்கு எண்ணம். "நாளைக்கு அறுவடை நோலா, மஞ்சள்லயே வையேன்" என்று கடையில் கெஞ்சுவார்கள். கர்த்தர் எங்கள் பலகையைப் பார்த்துத்தான் காற்றை அனுப்புகிறார் போலிருக்கிறது.

அம்பை அப்படியே நம்பியவள் ஒருத்திதான். மேட்டுச் சாலைக் கடைசியில் தனியாக இருந்த தெல்மா கார்மோடி. வயது எண்பத்து மூன்று. அங்கே போன் எடுக்காது. ரேடியோ இருந்தும் காது கேட்காது. குதிரைப் பந்தயத்துக்குப் புருஷன் வாங்கிவைத்த பைனாகுலரில் தினமும் பலகையைப் பார்ப்பாள். சிவப்பென்றால் பெட்டியும் கோழிகளும் காரில் ஏறிவிடும்.

அந்தச் சனிக்கிழமை சிவப்பு. நோலா ஏழு மணிக்கே திருப்பிவிட்டாள். அவள் புருஷன் மெர்வ் கிரிக்கெட் கிளப்பின் தலைவர். அன்றைக்கு அரையிறுதி. மைதானத்தில் சுட ஆட்டிறைச்சித் துண்டுகள் அறுபது தயாராக இருந்தன.

"ரெண்டு நிறம் இறக்கினா என்ன? வானத்துல ஒரு மேகம்கூட இல்ல."

"அதான் மெர்வ் கஷ்டமே."

நானும் அவளும் சர்ச்சில் பூ வைத்துவிட்டு பதினோரு மணிக்கு வெளியே வந்தால், அம்பு மஞ்சளில் நிற்கிறது. மைதானத்தில் மெர்வ் ஏப்ரன் கட்டிக்கொண்டு, அடுப்பு மூட்டி, இடுக்கியும் கையுமாக நிற்கிறார். மேற்கு மலைக்குப் பின்னால் பழுப்பாக ஒரு புகை.

"நீயா திருப்பினே?"

"ஆட்டம் முடிஞ்சதும் நானே மாத்திடறேன். அதையெல்லாம் எவன் பாக்கறான்?"

"தெல்மா பாக்கறா."

இடுக்கி கீழே விழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஏப்ரனோடே வந்து காரில் ஏறினார். நோலா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தெல்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளம்புங்க தெல்மா!" என்று நோலா காதருகே கத்தினாள்.

"மஞ்சள்தானே? காலைல சிவப்பு பாத்துட்டுப் பெட்டியெல்லாம் ஏத்தினேன். அப்புறம் நீ மனச மாத்திக்கிட்டே, எல்லாத்தையும் இறக்கிட்டேன்."

"அவ மாத்தல," என்று மெர்வும் கத்தினார். "நான்தான் மாத்தினேன்."

"நீயா? உனக்கு எப்போலேர்ந்து வானத்துல உத்தியோகம்?"

மடியில் நாலு கோழியோடு மெர்வ் பின் சீட்டில் உட்கார்ந்து மேட்டிலிருந்து வந்ததை ஊரே பார்த்தது. மூன்று மணிக்குக் காற்று திசை மாறியது. நாலு மணிக்குத் தெல்மாவின் வீடு இல்லை; கொடியில் காய்ந்த துணியும் இல்லை. அறுபது துண்டுகளும் சர்ச் கூடத்தில், தீயணைத்துவிட்டு வந்தவர்களுக்குப் போயின. அவர்கள் சாப்பிட்டபடியே மெர்விடம் சொன்னதைச் சர்ச் மாத இதழில் எழுத முடியாது.

தெல்மா இப்போது மெர்வ் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். கோழிகள் அவருடைய கிரிக்கெட் மட்டைகள் இருந்த கொட்டகையில். நோலா அம்பை அவரிடமே கொடுத்துவிட்டாள். காலையில் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டு, போய்த் திருப்பிவிட்டு வருகிறார். தெல்மா ஜன்னலில் பைனாகுலரோடு தயாராக இருப்பாள்.

தள்ளிவைத்த அரையிறுதி அடுத்த சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு ஆரஞ்சு. ஆட்டக்காரர்கள் பலகையடியில் மெர்வைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஒரே ஒரு நிறம் தலைவரே, யாரு பாக்கப் போறா?"

மெர்வ் தன் வீட்டுப் பின்னறை ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். தெல்மா அங்கிருந்து கையாட்டினாள்.