டீ நிறத்தில் ஒரு வரைபடம்

மே முதல் தேதி, காலை ஆறு மணி. கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறிய எனக்குக் கடைசி இருக்கைதான் வாய்த்தது. மடியில் ஒரு புரொஜெக்டர் வேறு. அது என் நண்பரான துணிக்கடைக்காரரின் மகள் நசீமாவுடையது. ட்ரோனும் செயற்கைக்கோளும் எடுத்த படங்களை வைத்து ஊராட்சிகளுக்குக் கணினியில் வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. "கல்வராயன் மலையைப் பாத்துட்டு வரலாம், வாங்க மாமா" என்று அவள் கூப்பிட்டதை நம்பித்தான் எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்தேன். வந்த பிறகுதான் சுமை தூக்க ஆள் தேடியிருக்கிறாள் என்று தெரிந்தது.

கச்சிராயபாளையம் தாண்டியதும் வளைந்து வளைந்து ஏற்றம். காற்று குளிரும் என்று சட்டைப் பொத்தானைப் போட்டவன் கழற்றிவிட்டேன். நடத்துநர் சிரித்தார். "முன்னல்லாம் போர்வை எடுத்துக்கினு வருவாங்க சார். இப்ப வெயிலும் ஜாஸ்தி. மழையும் ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிடுது."

எட்டு மணிக்கு வெள்ளிமலை. பன்னிரண்டு ரூபாய் டீயைக் குடித்துவிட்டு, ஜீப்பில் ஆறு கிலோமீட்டர் குலுங்கி அந்தச் சிற்றூருக்குப் போனோம்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட அறையில் கிராம சபை. படம் தெரிவதற்காக ஜன்னல்களில் கோணிச் சாக்குகள் தொங்கின. ஊராட்சித் தலைவர் லட்சுமி விஷயத்தைச் சொன்னார். சரிவு நிலங்களில் நூறு நாள் வேலையில் மண் வரப்பு போட வேண்டும். உழுகிறவர்கள் சம்மதித்து இன்று தீர்மானம் போட்டால் ஆடி மழைக்குள் வேலை முடியும். இல்லையென்றால் இந்த வருஷ மண்ணும் ஓடையோடு போய்விடும்.

நசீமா படத்தைச் சுவரில் காட்டினாள். மண் அதிகம் அரிக்கும் இடமெல்லாம் சிவப்பு. முன்வரிசையில் இருந்த சடையன் என்ற விவசாயி எழுந்துவிட்டார்.

"இன்னாமா, என் நிலத்துக்குச் சிவப்பு அடிச்சி வச்சிக்கீற?"

"மண்ணு ஜாஸ்தியா போற எடங்க. அதுக்குத்தான்."

"இன்னைக்கிச் சிவப்பு அடிப்பீங்க, நாளைக்கிக் கல்லு நடுவீங்க. அப்புறம் நிலம் எங்களுது இல்லம்பீங்க. வரப்பும் வேணாம், படமும் வேணாம்."

பட்டா இல்லாமல் தலைமுறையாக உழுகிறவர்கள் அங்கே ஏராளம். பாதி அறை அவருக்குப் பின்னால் எழுந்தது. நசீமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்புவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லட்சுமி பதறவில்லை. "உக்காருங்க சித்தப்பா. மொத மழைக்கு நம்ம ஓடை இன்னா கலருல வருது?"

"டீ கலருல வரும்."

"அது யாரு மண்ணு?"

கேட்ட கையோடு லட்சுமி நசீமாவிடம் திரும்பினார். "சிவப்ப எடுத்துட்டு டீ கலரு போடு பாப்பா. இந்தப் படத்த வச்சி யாரு நிலத்தையும் எடுக்கக் கூடாதுன்னு தீர்மானத்துலயே எழுதிடலாம்."

நசீமா மடிக்கணினியில் நாலு தட்டுத் தட்டினாள். சுவரில் மலைச்சரிவு டீ நிறமாகி ஓடை வரை இறங்கியது. சடையன் கிட்டே போய் விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"இது பாறை. இது என் மரவள்ளிக் கொல்லை. அப்ப என் கொல்லைதான் ஓடையில போய்க்கினு இருக்குதா?"

"ஆமாங்க" என்றாள் நசீமா.

சடையன் குனிந்து, வேலைக்குக் குறித்திருந்த எல்லைக்கோட்டில் விரலை வைத்தார். "இதக் கொஞ்சம் கீழ தள்ளிப் போடும்மா. என் தம்பி நிலம் வெளியில நிக்குது."

அங்கேயும் சரிவுதான் என்று பார்த்துச் சொல்லிவிட்டு நசீமா கோட்டைத் தள்ளினாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கொல்லையைத் தேட ஆரம்பித்தார்கள். ஒரு மணிக்குத் தீர்மானம் நிறைவேறியபோது தூக்காத கை ஒன்றுகூட இல்லை. ஓட்டில்லாத நானும் தூக்கியிருந்தேன்.

மாலைப் பேருந்தில் மலை இறங்கும்போது மனசு நிறைந்திருந்தது. எங்கள் ஊரில் அண்ணன் தம்பிக்குள் வரப்பு அரை அடி நகர்ந்தால் போதும், கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். தம்பி நிலமும் உள்ளே வரட்டும் என்று கோட்டைத் தள்ளச் சொன்ன அண்ணனை அன்றுதான் பார்த்தேன். ஆடி மழை எப்படிக் கொட்டினாலும் கொட்டட்டும். அந்த மண் இனி மலையை விட்டு இறங்காது.