பெரட்டுக்கு வராத பூட்டனார்

“தேயிலைத் தோட்டத்து ஆளு பட்டாளத்துல இருந்தாரா? தேத்தண்ணி ஊத்தியிருப்பாரு, பாப்பா!” என்று சிரித்தார் பதுளை மயானக் காவலர்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், விடுவேனா? வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் தொண்டர் படையில் என் பூட்டனார் இருந்தார். புதைத்த இடம்தான் தெரியவில்லை.

காவலர் சாரத்துக்கு மேல் காக்கிக் கோட்டு போட்டிருப்பார். தினமும் காலையில் விசிலூதி, கல்லறைப் பெயர்களை வாசித்துப் பெரட்டு எடுப்பார், தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகுமுன் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பதுபோல.

பூட்டனார் பெயரைச் சொன்னேன்.

“அப்படி யாரும் பெரட்டுக்கு வர்றதில்லையே. மூலையில பட்டாளத்து மேடுன்னு ஒண்ணு இருக்கு. பேரு வெட்டுன கல்லு இல்ல, என்னான்னு கூப்பிட?”

“அவர்தாங்க!”

“ஐயோ, இத்தன வருசமா ஆப்சன்ட் போட்டுட்டேனே!”

அவர் முகம் உண்மையாகவே வாடியது. விளையாடினாரா என்று இன்றும் தெரியவில்லை.

மறுநாளே பலகையில் பெயரெழுதி நட்டேன். படையில் அவர் கையில் இருந்தது துப்பாக்கியா, தேத்தண்ணியா என்று கேட்டுக் கொழும்புப் பட்டாள ஆபீசுக்குக் கடிதமும் போட்டாயிற்று.