தட்டில் விதைத்த கர்நாடகம்

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்த வருஷம், நவம்பர் ஒன்றாம் தேதி, கர்நாடகம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்துக்கு ஒவ்வொரு பிள்ளையும் நம் மாநிலத்தைப் பற்றி இயற்கைப் பொருள்களால் ஏதாவது செய்துவர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் காய்ந்த இலையை ஒட்டி யானை செய்தார்கள், பஞ்சில் தாமரை செய்தார்கள். இவளுக்கு அதெல்லாம் போதாது. தட்டில் மண் பரப்பி, கர்நாடகத்தின் வடிவத்தில் ராகி விதைத்து, பச்சைப்பசேலென்று முளைத்த மாநிலத்தையே தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம். பிடிவாதத்தில் என்னை அப்படியே உரித்து வைத்தவள்.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண், "நீங்க தமிழ்க்காரங்க. இது உன் ஸ்டேட் இல்லையே, நீ ஏன் செய்யறே?" என்று கேட்டிருக்கிறாள். மகள் இதைச் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. நான் வாலாஜாவிலிருந்து கல்யாணமாகி பெங்களூர் மல்லேஸ்வரம் வந்தவள், என்னைச் சொன்னால் சரி. இவள் இங்கேயே பிறந்தவள். தூக்கத்தில் உளறுவதுகூடக் கன்னடத்தில்தான்.

கீழ் வீட்டுத் தென்னை மரத்தடியிலிருந்து செம்மண் அள்ளி வந்தோம். வரைபடத்தை மண்மேல் வைத்து, ஓரம் முழுக்கத் தீக்குச்சியால் குத்தி அடையாளம் செய்தாள். நான் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் ராகி கொண்டுவந்து கொடுத்தேன். எல்லைக்கு வெளியே ஒரு மணி விழுந்தாலும் பொறுக்கி உள்ளே போட்டாள்.

மூன்று நாள் ஆயிற்று, ஒன்றும் முளைக்கவில்லை. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த என் பையனின் கஞ்சிக்கு மாவு அரைக்கலாமென்று டப்பாவைத் திறந்தேன். உள்ளே வறுக்காத பச்சை ராகி அப்படியே இருந்தது. மாவுக்காக வறுத்து ஆற வைத்திருந்ததைத்தான் அவளிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்! வறுத்த வாசனை மூக்கில் ஏறியும் எனக்கு உறைக்கவில்லை.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் அம்மாதான் தப்பு என்பாளே என்ற வீம்பு. குளிர் ஜாஸ்தி, மண் சரியில்லை, நீ தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டாய் என்று பழியைத் தாராளமாகப் பங்கிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் யூனிபார்மோடு தட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டாள்: "நாம தமிழ்க்காரங்கன்னுதான் முளைக்கலையாம்மா?"

என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "வறுத்த ராகி எவன் போட்டாலும் முளைக்காதுடி. தப்பு என்னுது. மண்ணு மேலயும் இல்ல, உன் மேலயும் இல்ல" என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "தெரிஞ்சுகிட்டே ஏம்மா சொல்லல?" என்று முதுகில் இரண்டு அடி வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது. பச்சை ராகியை ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, லேசாக முளை கண்டதும் மறுபடி விதைத்தோம். நவம்பர் ஒன்றாம் தேதி தட்டில் பச்சை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளை வெள்ளையாக வேரும், ஓரத்தில் நாலைந்து பச்சை ஊசிகளும்தான்.

பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வகுப்பு வாசலில் நின்றேன். டீச்சர் தட்டைக் குனிந்து பார்த்து, ஏன் இன்னும் வளரவில்லை என்று கேட்டார். என் மகள் திரும்பி, வகுப்பே பார்க்கும்படி என்னைக் கை காட்டினாள். கணீரென்ற கன்னடத்தில் சொன்னாள்: "எங்கம்மா வறுத்த ராகியக் கொடுத்துட்டாங்க மிஸ். நம்ம ஸ்டேட் வந்துரும், இன்னும் ரெண்டு நாள் ஆகும்."

வகுப்பே சிரித்தது, பக்கத்து இருக்கைப் பெண்ணும்தான். என் மானம் போனது, மனசு நிறைந்துவிட்டது.