கேப்சூலுக்குள் இருந்த மாடு

ஜிம் நடத்துகிறவனிடம் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எதைத் தின்னா சீக்கிரம் உடம்பு ஏறும்?" கோலா சிலாங்கூரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் என் ஜிம் இருக்கிறது. எனக்கு வயது அறுபத்தொன்பது. இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்களை எல்லாம் சேர்த்தால் ஒரு லோரியில் அடங்காது. நீங்களும் எங்கேயோ ஒரு டப்பா புரோட்டீன் வாங்கி, இரண்டு வாரம் கலக்கிக் குடித்து, அப்புறம் சமையலறை அலமாரிக்கு மேல் ஏற்றி வைத்திருப்பீர்கள். மறைக்க வேண்டாம். நாம் எல்லாரும் ஒரே வியாதிக்காரர்கள்.

சுவரில் தொங்கும் படம்

ஜிம்முக்குள் நுழைந்ததும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கண்ணில் படும். அகன்ற மார்பு, ஒடுங்கிய இடுப்பு, முறுக்கிய மீசை. "நீங்களா மாஸ்டர்?" என்பார்கள். நான் மீசையைத் தடவிக்கொள்வேன். அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. என்ன சாப்பிட்டு இப்படி ஆனீர்கள் என்று கேட்டால் ஒரு நாள் ஆட்டுப்பால் என்பேன், ஒரு நாள் முருங்கைக்கீரை என்பேன். பத்தாங் காலியிலிருந்து வந்த ஒரு பையனிடம், "பாசிர் பெனம்பாங் நண்டு. தினம் பன்னிரண்டு. ஓட்டோட தின்னணும்" என்றேன். அந்தப் பலத்தில் பள்ளத்தில் விழுந்த, செம்பனைக் குலை ஏற்றிய லோரியை ஒரு கையால் தூக்கி நிறுத்தினேன், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் விழிக்கவே இல்லை என்றும் சொன்னேன்.

ஒரு வாரம் ஆளைக் காணோம். எட்டாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தான். என்னை அடிக்கத்தான் வருகிறான் என்று டம்பெல்லுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவன் பணிவாகக் கேட்டான்: "மாஸ்டர், நண்டு ஓட்ட மென்னு தின்னீங்களா, இடிச்சுத் தின்னீங்களா? அதச் சொல்லாம விட்டுட்டீங்களே!"

ரசம் சோற்றில் நாற்பது கிலோ

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மோகன் வந்து சேர்ந்தான். தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி டிரைவர். அவன் மனைவி பரிமளாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் கையளவு கிடந்த பிள்ளையைப் பார்த்து அவன் ஒரு வேண்டுதல் வைத்தான். பிள்ளை பிழைத்தால், தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவில் ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை மூன்று கிலோமீட்டர் காவடி எடுப்பேன், வழியில் தோளை விட்டு இறக்கமாட்டேன். பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது. வீட்டில் செருப்பை எல்லாம் ஒளித்து வைக்கிறதாம்.

காவடி நாற்பது கிலோ. நாற்பத்தெட்டு நாள் விரதம். விரதத்துக்கு முன்பு பளுவைத் தோளில் வைத்து ஜிம்முக்குள் அரை மணி நேரம் நடப்பான், மூச்சு வாங்காது. விரதம் தொடங்கி இரண்டு வாரத்தில் பத்து நிமிடத்துக்கே முழங்கால் உதறியது. ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடாம், அதுவும் சோறும் ரசமும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் நடக்கும்போது பின்னாலேயே நானும் நடந்தேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று. என் வயதில் நான் அவனைப் பிடிப்பதாவது! பளுவை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். "எனக்கு உடம்பு ஏறலன்னாக்கூட பரவால்ல மாஸ்டர். பாதி வழியில காவடிய எறக்கிட்டா அந்தப் புள்ள முகத்த எப்படிப் பாப்பேன்?"

நான் கொடுத்த சான்றிதழ்

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது, "டேய், ஒழுங்காகச் சாப்பிடு" என்ற மூன்றே வார்த்தை. ஆனால் கண்ணாடி அலமாரியில் சத்து மாத்திரை இருந்தது. கை தானாகப் போய்விட்டது. கேப்சூல், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. "சைவமா மாஸ்டர்?" என்று கேட்டான். புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரிந்தது ஹலால் முத்திரை மட்டும்தான். "முத்திரை இருக்குல்ல, சுத்தம்டா!" என்றேன். நம் ஆள்களுக்கு அந்த முத்திரையைக் கண்டால் ஒரு நிம்மதி. பன்றி இல்லை என்று முத்திரை சொல்கிறது. வேறு என்ன இருக்கிறது என்று நாம் அதைக் கேட்பதில்லை.

இருபத்திரண்டாம் நாள் பரிமளா இன்னொரு புட்டி வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். போன இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. கைலியோடு ஓடினேன். மருந்துக்கடை மலாய்ப் பெண் புட்டியில் ஒரு பொடி எழுத்து வரியைக் காட்டினாள். மாத்திரையின் கூடு ஜெலட்டினில் செய்ததாம். எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பதாம். எந்த எலும்பு என்று கேட்டேன். எனக்கு ஏன் வேர்க்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பயப்படாதீங்க அங்கிள், ஹலால்தான் லா. லெம்பு, மாடு."

பண்டாரம் சொன்ன தீர்ப்பு

பரிமளா ஃபோனில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மோகன் லோரியை எடுத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனான். நான் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன். வழியில் மூன்று முறை திரும்பிவிடலாமா என்று பார்த்தேன், கை திரும்பவில்லை. கோயிலில் பூசை செய்யும் பண்டாரம் பகலில் பள்ளி வேன் ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். வேனைக் கழுவிக்கொண்டே மோகன் சொன்னதைக் கேட்டார். முதலில் விரதத்தைப் பற்றி விசாரித்தார்.

"ஒரு வேளதான் சாப்பிடணும்னு யாரு சொன்னா?"

"ஃபோன்ல பாத்தேன் சாமி."

"நான் இங்கதான இருக்கேன்? கவிச்சி வேணாம், சுத்தமா இரு, அவ்வளவுதான். மூணு வேளையும் சாப்பிடு. மாத்திரைய தெரிஞ்சா முழுங்குன?"

"இல்ல சாமி."

"அப்ப ஒன் கணக்கு கெடல. தொடர்ந்து இரு."

மோகன் முகத்தில் ரத்தம் திரும்பியது. எனக்கும் மூச்சு வந்தது. மெதுவாக மோட்டார் சைக்கிளை உதைத்தேன். பண்டாரம் துணியைப் பிழிந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எனக்கும் தெரியாதுதானே சாமி என்றேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டார். மோட்டார் சைக்கிளை அணைத்தேன். "மிச்சம் இருபத்தாறு நாள் இருக்கு. நீங்களும் இருங்க. கவிச்சி வேணாம். அதோட, அவன் காவடிய எறக்குற வரைக்கும் ஒரு பொய்யும் வேணாம்."

வாய்க்கு விரதம்

கவிச்சி இல்லாமல் மனிதன் வாழ்ந்துவிடலாம். பொய் இல்லாமல் ஜிம் நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. முதல் நாளே மோகனிடம் உண்மையைச் சொன்னேன். மாத்திரையில் பலம் இல்லை, நீ சாப்பிடாததால்தான் கால் நடுங்குகிறது. மறுநாளிலிருந்து பரிமளா காலையில் பாலும் அவித்த கடலையும், மதியம் கெட்டிப் பருப்பும் தவ்வு என்கிற சோயாக் கட்டியும், இரவு புளிக்க வைத்த சோயாவில் செய்த தெம்பேயும் தயிரும் என்று இறங்கிவிட்டாள். சோறும் குறையவில்லை. இரண்டு வாரத்தில் அவன் நடை திரும்பியது. ஆனால் பழைய அரை மணி நேரம் வரவில்லை. இருபது நிமிடத்தில் கால் நடுங்கும். இன்னும் நாள் இருக்கிறது என்று என்னாலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நாள் இல்லை.

மற்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புக்கிட் செந்தோசாவிலிருந்து வரும் ஒருத்தன், பயிற்சிக்கு முன்னால் குடிக்கும் சிவப்புத் தூள் நல்லதா என்று கேட்டான். "பெரும்பாலும் காப்பிதாண்டா அதுல. நீ வேற ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுத் தூங்காம வர்ற. போய்ப் படு" என்றேன். இன்னொருத்தனுக்குப் புரோட்டீன் தூளைப் பற்றிச் சொன்னேன்: பாலிலிருந்து எடுப்பதுதான், சாப்பாட்டில் குறைந்தால் குடி, குறையாவிட்டால் பையில் கனம். அப்போது பத்தாங் காலிக்காரன் படத்தைக் காட்டி, "நீங்க இதுல என்ன வயசு மாஸ்டர்?" என்றான். வேறு பக்கம் பார்த்தேன், தண்ணீர் குடித்தேன், விசிறியைப் போட்டேன், அணைத்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன். அது தோட்டத்து லயத்து வீடுகளில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். படத்தின் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்திருக்கும் கை மட்டும் என்னுடையது. சிவப்புத் தூள்காரன் மெதுவாகப் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "மாஸ்டருக்கு என்னமோ ஆயிருச்சுடா. கிளினிக்குக் கூட்டிட்டுப் போலாம் லா."

இன்னும் எவ்வளவு தூரம்?

திருவிழாக் காலையில் ஆற்றங்கரையில் மோகன் தோளில் காவடி ஏறியது. உறுமி மேளம், வெயில், தார் ரோட்டில் மஞ்சள் தண்ணீர். என் வேலை முக்காலி தூக்குவது. காவடிக்காரன் களைத்தால் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே உட்கார்ந்து எழலாம், அதில் வேண்டுதல் கெடாது. முதல் கிலோமீட்டரை ஆடிக்கொண்டே கடந்தான். எனக்குத்தான் கால் நிற்கவில்லை. முன்னால் ஓடுவேன், பின்னால் வருவேன், அவன் முழங்காலையே பார்ப்பேன். செம்பனை மரங்களுக்கு நடுவே ரோடு வளையும் இடத்தில் அந்த நடுக்கம் வந்தது. மோகன் கண்ணைத் திறந்தான்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

சுற்றி இருந்த அத்தனை பேரும் கத்தினார்கள். "வந்தாச்சு, வந்தாச்சு! அந்தா கோயிலு! அஞ்சே நிமிசம், உடாத மோகா!" பரிமளா மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் சொம்பைக் கையில் எடுத்தாள். அவன் யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தான். வந்தாச்சுடா என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அன்பாகத்தான் சொல்லியிருப்பேன், எல்லாரையும் போல.

"பாதிகூட வரலடா" என்றேன்.

என்னைத் திட்டாத ஆள் இல்லை. ஒரு கிழவி குடையால் முதுகில் இடித்தாள். நான் முக்காலியைப் போட்டேன். மோகன் காவடியோடு உட்கார்ந்தான். நாட்டுச் சர்க்கரை கரைத்த பாலைப் பரிமளா புகட்டினாள். மேளக்காரர்கள் முறைத்தார்கள். நடுக்கம் அடங்கும் வரை நான் யாரையும் பேசவிடவில்லை. பிறகு எழுந்தான். அடுத்து இரண்டு முறை கேட்டான், இரண்டு முறையும் உள்ளதைச் சொன்னேன், இரண்டு முறையும் உட்கார்ந்து எழுந்தான். அம்மன் சன்னிதியில்தான் பண்டாரம் கை வைத்துக் காவடியை இறக்கினார். மோகன் பிள்ளையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து மூச்சு வாங்கச் சொன்னான்: "அஞ்சு நிமிசம்னு நம்பி ஒரே ஓட்டமா ஓடியிருந்தா அந்த வளைவுலயே விழுந்திருப்பேன் மாஸ்டர்."

இத்தனை வருசம் டப்பா டப்பாவாக எதையெல்லாமோ விற்றுவிட்டு, ஒருத்தன் உடம்புக்கு நிஜமாகவே பலன் கொடுத்த சரக்கை மட்டும் சும்மா கொடுத்துவிட்டேன் என்றால், எனக்கு வியாபாரம் தெரியாது என்றுதான் அர்த்தம்.